நிறுத்தக்கூடாத மோட்டார் சைக்கிள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே கடல் இருக்கிறது. ஜப்பான் யுத்தம் என்று அந்தக் கரையெல்லாம் முள்ளுக்கம்பி அடித்துவிட்டார்கள். அதனால் அலையில் கால் நனைக்க, கலியாணமாகி மூன்று மாதமான மனைவி கமலத்தை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, பெரிய ரோட்டை விட்டு, பொல்கொடை ஏரிக்கரையால் பாணந்துறைக்கு அப்பால் போகிறேன்.

பெற்றோல் கூப்பனுக்குத்தான், அதுவும் அளவாகத்தான் கிடைக்கிறது. ஆகவே கொஞ்சம் பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுகிறேன். இடையில் நிறுத்தினால் ஆறிவிடும், பிறகு கிளம்பாது. போத்தலில் மிச்சமுள்ள பெற்றோல் திரும்பி வருவதற்கு.

கடல் கண்ணில் படுகிற இடத்தில் ரயில் கேட் மூடியிருக்கிறது.

"எஞ்சினை நிப்பாட்டுங்க தம்பி," என்கிறார் கேட் காவலர், தொப்பி போட்ட முஸ்லிம் மனிதர். "கோச்சி வார சத்தம் எனக்குக் கேக்க வேணும்."

"நிப்பாட்டினால் திரும்ப எழும்பாது, நானா," என்று முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் சொல்கிறேன். "மண்ணெண்ணெயில ஓடுது."

அவர் எங்கள் புகையை மோந்து பார்க்கிறார். கமலத்தின் மடியிலுள்ள சாப்பாட்டுப் பொட்டலத்தையும் பார்க்கிறார்.

"அப்ப அங்கால போய் அந்தத் தென்னந்தோட்டத்தைச் சுத்திக்கிட்டே இருங்க. கோச்சி போனதும் சொல்றன்."

சுற்றுகிறோம். மூன்றாவது சுற்றில் ஒரு நாயும் சேர்ந்துகொள்கிறது. ஐந்தாவதில் கோச்சி தடதடவென்று கடந்து போகிறது. கேட் திறக்கிறது. காவலர் தண்டவாளத்தருகே விறைப்பாக நின்று, எங்களுக்கும் பச்சைக் கொடியை விரிக்கிறார்.

தண்டவாளத்தில் குலுங்கி ஏறும்போது, வீட்டில் சத்தமாய்க் கதைக்கவே கூச்சப்படும் கமலம், என் காதருகே கோச்சி மாதிரிக் கூவுகிறாள்.