தீயில் குளிரும் ஃப்ரிட்ஜ்

அப்பா. அம்மா. தாய்மாமா. இரண்டு வயதுத் தம்பி. மூன்றாம் வகுப்பு முடிக்காத நான். பக்கத்துக் கேரவனில் ஒரு பட்டாணி, பாகிஸ்தான்காரர். அவரும் அப்பாவைப் போல ஓர் அரபு வீட்டு டிரைவர். அன்று அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

அப்பா அபுதாபியில் ருவைஸ் பக்கம் வேலையில் இருந்தார். அம்மாவும் நாங்களும் விசிட் விசாவில் போயிருந்தோம். குளிர்காலம். அரபுக் குடும்பம் வெள்ளிக்கிழமை கடற்கரைக்கு வர இருந்தது. கேரவனை முன்கூட்டியே இழுத்துக்கொண்டு போய் நிறுத்து, அதுவரை உன் பிள்ளைகள் இருக்கட்டும் என்று முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார். சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, ஜன்னல், ஜன்னலுக்குத் திரை. நான் உள்ளே ஏறினேன், இறங்கினேன், திரும்ப ஏறினேன். அப்பா அதட்டும்வரை அதையே செய்தேன்.

ஒரே ஒரு தடங்கல். தம்பிக்குக் காதில் சீழ். டாக்டர் கொடுத்த மருந்து, பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் சிரப். அதை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வழியில் ஒரு பை ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் சிரப்பை நட்டு வைத்துக் கொண்டுவந்தோம்.

"ஐஸ் இருக்கிற வரைக்கும் இருப்பேன். கரைஞ்சா கெளம்பிருவேன். ராத்திரி பிள்ளை காதைப் புடிச்சிக்கிட்டு அழுதா உங்க மொதலாளியா வந்து தூக்குவாரு?" என்றார் அம்மா.

"கேரவன்லயே ஃப்ரிட்ஜ் இருக்குல்ல" என்றார் அப்பா.

இருந்தது. வீட்டு வாசலில் நிற்கும்போது கரண்டில் ஓடும். கடற்கரையில் கரண்ட் கிடையாது. கேஸில் ஓட்ட வேண்டும். முதலாளி செய்வதை அப்பா ஒரு தடவை பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

கேரவனின் வெளிப்பக்கம், ஃப்ரிட்ஜுக்கு நேர் பின்னால், மேலொன்று கீழொன்றாக இரண்டு கிராதிகள். அப்பா கீழ்க் கிராதியைக் கழற்றினார். உள்ளே போய் ஃப்ரிட்ஜின் கேஸ் குமிழை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனைத் தட்டினார். டக், டக், டக். நான் வெளியே குந்தி எட்டிப் பார்த்தேன். விரல் நகம் அளவுக்கு ஒரு நீலத் தீ எழுந்தது.

"எரியுதுப்பா!"

எனக்குக் கையும் காலும் நிற்கவில்லை. தீ எரிந்தால் அந்தப் பக்கம் ஐஸ் ஆகுமாம். எப்படி என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. "ஆகும், போ" என்றார். அதுவே எனக்குப் போதும். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். தம்பியிடம் சொன்னேன். பட்டாணியிடம் தமிழிலேயே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

மாமாவிடம் சொன்னேன். மாமா கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

மாமாவுக்கு எண்ணெய் பிளான்டில் வேலை. ஃபயர் வாட்ச். வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைப்பானோடு நின்று பொறி எங்கே விழுகிறது என்று பார்க்கும் வேலை. வேறெதுவும் செய்யக் கூடாது. பார்க்க வேண்டும். "பாக்குறதுக்கே சம்பளம் வாங்குற ஒரே ஆளு எங்க மாப்ளதான்" என்று அப்பா எல்லாரிடமும் சொல்வார். மாமா சிரித்துக்கொள்வார்.

மாமா தீயைப் பார்த்தார். முன்பக்கம் இருந்த கேஸ் சிலிண்டரைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்று மணலை அள்ளித் தூவிப் பார்த்தார்.

"மச்சான், இது தொறந்த தீ. இப்படியே விடக் கூடாது."

காரின் பின்னால் கிடந்த கம்பளியை எடுத்தார். இரண்டு ஆள் பாரம். தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய் முக்கி எடுத்து வந்தார். கிராதிகள் இரண்டும் மறையும்படி அதைக் கேரவனின் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கட்டினார். பொறி பறந்தாலும் ஈரத்தைத் தாண்டாது. பிளான்டில் அப்படித்தானாம்.

"இது காயவே கூடாது ஆத்தா. தண்ணி உன் பொறுப்பு" என்றார் என்னிடம்.

தம்பியின் மணல் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடலில் மொண்டு கம்பளியில் ஊற்றினேன். பானையில் ஈரத்துணி சுற்றினால் தண்ணீர் குளிரும் அல்லவா? ஃப்ரிட்ஜையும் அப்படிக் குளிரவைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவும் "நல்லதுதான், குளுமையா இருக்கும்" என்றார்.

ஒரு மணி நேரம் போனது. கதவைத் திறந்து அப்பா கையை விட்டார்.

"வெளிய இருக்கிற குளிர்கூட உள்ள இல்லையே."

தீ அணைந்திருந்தது. மறுபடி பற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது.

பட்டாணி வந்தார். உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். "பாய், லெவல் டீக் நஹி." கேரவன் சாய்ந்து நின்றால் இந்த மாதிரி ஃப்ரிட்ஜ் குளிராதாம். தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கமாக ஓடியது. அப்பா ஒரு சக்கரத்தின் அடியில் மணலைத் தோண்ட, பட்டாணி "யல்லா, யல்லா" என்று தள்ள, மாமா தோளைக் கொடுக்க, வீடே ஆடியது. உள்ளே அம்மா கத்தினார். நான் குதித்தேன். தட்டில் தண்ணீர் நேராக நின்றது.

தீ அணைந்தது.

கேஸ் வரும் ஊசித் துவாரத்தில் தூசி என்றார் அப்பா. கம்பளியை ஓர் ஓரமாகத் தூக்கிக் கையை விட்டுக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டினார். கம்பளியை இழுத்து மூடினார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

தீ அணைந்தது.

இடையிடையே நான் தெர்மாகோல் பெட்டியையும் போய்ப் பார்த்துக்கொண்டேன். பை நிறைய இருந்த ஐஸ் பாதியானது. பிறகு தேங்காய் அளவு. மதியச் சாப்பாடு முடிந்தபோது எலுமிச்சை அளவு. மூடியைத் திறந்தால் இன்னும் சீக்கிரம் கரையும் என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தார். அதற்கப்புறம் திறக்கவில்லை. பெட்டி மேல் காதை வைத்துக் கேட்டேன்.

"போதுங்க. சாமானை எடுத்து வைக்கிறேன்" என்றார் அம்மா.

அப்பா கடைசியாக ஒரு தடவை உள்ளே போய்ப் பற்றவைத்தார். நான் அந்த வீட்டில் இன்னும் ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை.

அம்மா காலையிலிருந்து தம்பியோடு கேரவனுக்கு உள்ளேயும் வாசல் பக்கமுமாகவே இருந்தவர். பையைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் கேரவனின் அந்தப் பக்கம் வந்தார். கம்பளியின் ஓரத்தைப் புரட்டினார். உள்பக்கம் சிவப்பு ரோஜாப்பூ.

"அடப்பாவி!"

அது புதுசு. ஊரில் என் அப்பாவின் அம்மாவுக்கு வாங்கியது. இன்னும் பையைவிட்டு எடுக்காதது என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

"உப்புத் தண்ணியிலயாடா முக்குன? எம் மாமியாருக்கு நான் என்னத்தடா சொல்லுவேன்? ஒனக்கு வேற துணியே கெடைக்கலையா?"

"கனமாத் தேவைப்பட்டுச்சுக்கா."

"இதை நீயே கொண்டுபோய்க் குடு. அந்தக் கெழவி உன்னைப் பேசட்டும்."

கயிற்றைப் பிய்த்து, கம்பளியை உருவி, மணலில் இழுத்துக்கொண்டு போனார். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் குனிந்து தீயைப் பார்த்தேன். எரிந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தேன். காலையில் எரிந்ததைவிட நிமிர்ந்து எரிந்தது. மேல் கிராதியில் கையை வைத்தேன். சுட்டது.

"அப்பா! மேல சூடா காத்து வருது!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். பட்டாணியும் கையை வைத்துப் பார்த்தார். மணலில் கிடந்த கம்பளியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஹவா! பாய், ஹவா சாஹியே!" காற்று வேண்டும். கீழே காற்று போக வேண்டும், மேலே சூடு வெளியேற வேண்டும். நாங்கள் இரண்டையும் மூடி, வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறோம்.

"அடேய் மாப்ளே, காலையிலேருந்து நீதான் அணைச்சுக்கிட்டு இருந்திருக்க!"

"எனக்கு அதானே மச்சான் வேலை" என்றார் மாமா.

அம்மாகூடச் சிரித்துவிட்டார். மிச்ச ஐஸோடு சிரப்பை ஈரத்துணியில் சுற்றினார். "பொழுது சாயுற வரைக்கும்தான்" என்றார்.

நான் ஃப்ரிட்ஜ் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். திறக்கக் கூடாது என்று உத்தரவு. திறக்கவில்லை. வெயில் மஞ்சளானபோது அப்பா தலையசைத்தார். திறந்தேன். மேல் தட்டில் மெல்லிசாக வெள்ளை படிந்திருந்தது. ஈரவிரலை வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

"புடிச்சிக்கிருச்சு! விரலைப் புடிச்சிக்கிருச்சு!"

அம்மா என்னைத் தள்ளிவிட்டுத் தானும் விரலை வைத்துப் பார்த்தார். சிரப்பை உள்ளே வைத்தார். கட்டிவைத்த பையை அவிழ்த்தார். நான் கரையோரம் முழுக்க ஓடிவிட்டு வந்தேன். பட்டாணி கொடுத்த பேரீச்சம்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துத் தின்றோம். அவ்வளவு ருசி.

மாமா மட்டும் வரவில்லை. மடக்கு நாற்காலியைக் கிராதிக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். சோற்றையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். "இங்கயும் டியூட்டியா? ஓவர்டைம் யாரு குடுப்பா?" என்று அப்பா கேட்டார். காலையில் நான் எழுந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தார். கண் சிவந்திருந்தது.

"தூங்கலையா மாமா?"

"எரியுறப்ப எழுந்திருக்கக் கூடாது ஆத்தா."

முதலாளி வீட்டார் வருமுன் ருவைஸ் திரும்ப வேண்டும். அப்பா தீயை அணைத்து, சிலிண்டரை மூடினார். சிரப் புது ஐஸில் ஏறியது. இந்தத் தடவை ஐஸ் நாங்களே செய்தது. எல்லாரும் காரில் ஏறினோம். மாமா எழுந்திருக்கவில்லை. தீ அணைந்த கிராதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா ஹாரன் அடித்தார். மாமா கைக்கடிகாரத்தைக் காட்டி, பொறு என்று கையசைத்தார்.

"அணைஞ்ச பெறகும் அரை மணி நேரம் உக்காந்து பாக்கணுமாம். அது அவங்க ரூல்" என்று அப்பா சிரித்தார்.

மாமாவுக்குக் கோபம் என்று நான் நினைத்தேன். முந்தின நாள் எல்லாரும் சிரித்தோமே, அதற்கு முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று. ஜன்னல் வழியாகப் பழிப்புக் காட்டினேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னார். அப்பாவுக்கே அது தெரியாதாம். மாமா முதலில் இருந்த கம்பெனியில், வேறு நாட்டில், ஒரு டேங்குக்குள் வெல்டிங். வேலை முடிந்து தீயை அணைத்தாயிற்று. சாப்பாட்டு வண்டி வந்தது. மாமா எழுந்து போய் வரிசையில் நின்றார். மூலையில் கிடந்த கந்தலில் ஒரு பொறி இருந்திருக்கிறது. உள்ளே அவர் கூட்டாளி தூங்கிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் பார்க்க வேண்டியவர் அன்று பார்த்தது இருபது நிமிடம்.