தயிர் வாளியில் ஊறியவை

குளிர்காலம் வந்துவிட்டால் ஜெர்மனியில் எங்கள் டோர்ட்மண்ட் வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ். ஒன்று சமையலறையில் இருப்பது, இன்னொன்று பால்கனி. புளித்த இட்லி மாவைக் காலியான தயிர் வாளியில் ஊற்றி, மூடி, வெளியே வைத்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரைத் தூக்கத்தில் வாளியை எடுத்து வந்து கரண்டியை உள்ளே விட்டேன். அது என் மாவு வாளி இல்லை, பக்கத்திலிருந்த அதே மாதிரி இன்னொன்று; பழுப்புத் தண்ணீரும் ஊறிப் பிய்ந்த சிகரெட் துண்டுகளும் மேலே வந்தன. நாற்றம் தாங்காமல் சிங்க்கில் குனிந்து வாந்தி எடுத்தேன். கரண்டியைக் குப்பையில் போட்டேன். கழுவினால் மட்டும் அதில் யார் பரிமாறுவது?

எங்கள் நான்கு வயது மகளுக்கு வீசிங். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. உடுப்பில் ஒட்டி வரும் புகை வாடைகூட அவளுக்கு ஆகாது, அடுத்த முறை நிலைமை கைமீறிப் போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று என் கணவர் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் நம்பித் தொலைத்தேன். ஐயா சாதாரண ஆளா? போதைப் பழக்கம் மூளையில் எப்படி வேர்விடுகிறது என்று பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்!

வாளியைக் கட்டிலருகே கொண்டுபோய் நீட்டினேன். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், எழுந்து உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

"கொஞ்சம் கேளும்மா. நிகோடினைப் பிடிச்சுக்க மூளையில ரிசெப்டர்ஸ் இருக்கு. பழகப் பழக அது அதிகமாயிடும். நிறுத்தினா எல்லாம் சேர்ந்து கேட்க ஆரம்பிக்கும். இப்ப நான் பிடிக்கிறது சந்தோஷத்துக்கு இல்ல, அந்தத் தவிப்பு அடங்கறதுக்குத்தான். டீ வாசனை வந்தாலே போதும், மூளை தானா ரெடியாயிடுது."

"இவ்வளவு தெரியுதுல்ல? டாக்டர்கிட்ட போய் மருந்து கேக்கறதுக்கு என்ன?"

"எனக்குத் தெரியாததையா அவர் சொல்லப்போறார்?"

அவர் சொன்ன விளக்கத்தில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அருவருப்பு இன்னும் கூடியது. தன் மூளையை யாரோ வளர்க்கும் எலியின் மூளை மாதிரி தள்ளி நின்று விவரிக்கிறார், பெண்ணுக்கோ மூச்சு இழுக்கிறது. மிச்சமிருந்த சிகரெட் பாக்கெட்டைத் தேடிப் பிடித்துத் தண்ணீரில் நனைத்தேன். வாளியைக் குப்பைப் பையில் கவிழ்த்தேன். ஞாயிறு, இங்கே கடைகள் திறக்காது. சிகரெட் வாங்கப் பெட்ரோல் பங்க் பக்கம் போனால் திரும்பி வரவே வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

அவர் வெளியே போகவில்லை. மத்தியானம் மகள் விளையாடிக்கொண்டிருந்த அறையிலிருந்து இருமல் கேட்டு ஓடினேன். ஹீட்டரின் மேல் டிஷ்யூ விரித்து, அதன்மேல் குப்பைப் பையிலிருந்து பொறுக்கிய துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சூட்டில் அந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியிருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றை விரலால் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்ட மனுஷனைப் பார்த்து எனக்கு உடம்பே கூசியது.

ஜன்னலை அகலத் திறந்தேன். "கிளம்புங்க. வைத்தியம் பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் இங்க வேண்டாம்."

தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. மகள் இருமிக்கொண்டே அவரிடம் கையை நீட்டினாள்.

"அப்பா, தூக்கு."

அவர் முதலில் ஹீட்டர் மேல் இருந்ததை எல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.