மங்களேஸ்வரியின் வெண்டைக்காய்ப் பூ

இலஞ்சியில் எங்கள் பக்கத்து வீட்டு மங்களேஸ்வரிக்கு நாற்பத்து நாலு வயது. சாரல் விழுந்துவிட்டால் அவள் வீடு வீடில்லை, சத்திரம். குற்றாலத்தில் குளிக்க வருகிற சொந்தம் மொத்தமும் அங்கேதான் மூட்டையை இறக்கும். ஈரத் துண்டு காயாது, அடுப்பு அணையாது. ஆட்டோ ஏறினால் அருவி. அவள் போய்க் குளித்து எத்தனை வருஷமோ! "எல்லாரும் போனா வந்தவங்களுக்கு யாரு பொங்கிப் போடுதது?" என்பாள் மாமியார் பேராச்சி. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இந்தச் சிறையில் அவளுக்கென்று இருந்தது மத்தியானம் அரை மணி நேரம். சமையலை முடித்துவிட்டு, குளிக்கப் போன கூட்டம் திரும்புவதற்குள், தேங்காய் போட்டு வைக்கிற பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நறுக்கி ஒதுக்கிய வெண்டைக்காய்த் தலை, பாதி உருளைக்கிழங்கு, வாழை மட்டைத் துண்டு. மகன் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன வாட்டர் கலர். தோய்த்துத் தோய்த்துப் பழைய காலண்டர் தாளின் முதுகில் அச்சுக் குத்துவாள். நாமெல்லாம் மூணாம் வகுப்பில் குத்தினோமே, அதே வெண்டைக்காய்ப் பூதான். ஒருநாள் என்னையும் உள்ளே விட்டாள். வரிசையாகக் குத்திக்கொண்டே போனாள். முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

"இங்கன இருக்கையில யாரும் என்னையக் கூப்பிட மாட்டாவக்கா. அது போதும்" என்றாள்.

போன ஆடியில் சென்னையிலிருந்து அவள் நாத்தனார் ஸ்ரீமதி வந்திறங்கினாள், கூடவே சிநேகிதிகளின் குடும்பங்களும். அன்றைக்குச் சொதி. எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் சொதிதான். தேங்காயின் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் போச்சு. மங்களா பாலை ஊற்றித் தீயைக் குறைத்துவிட்டு, ரெண்டு பூ குத்திவிட்டு வரலாம் என்று, தாழ்ப்பாள்கூடப் போடாமல் பின்னறைக்குப் போயிருக்கிறாள். ரெண்டோடு நிற்கிற கையா அது? போனவள் போனவள்தான்.

அருவிப் பசியோடு கூட்டம் வந்து நின்றபோது சொதி திரிந்து, எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகக் கிடந்தது. சத்தம் கேட்டு நான் ஓடினேன். பேராச்சி பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். கையெல்லாம் சிவப்புச் சாயத்தோடு மங்களா உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அடுப்புல பால வச்சிட்டு இங்கன என்ன பச்சப்புள்ள வெளையாட்டு? கழுத வயசாச்சு, வெக்கமா இல்ல?"

மங்களா தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இன்றோடு இந்த அறையும் போயிற்று என்ற பயம் அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஸ்ரீமதிதான் குறுக்கே வந்தாள். தாள்களை வாங்கி விரித்தாள். "அம்மா, நீ சும்மா இரு. எவ்வளவு அழகா இருக்கு! சென்னையில இதுக்கு கிளாஸே நடத்துறாங்க. பெரியவங்கதான் போறாங்க, டென்ஷன் குறையுமாம்."

சிநேகிதிகள் செல்போனில் படம் எடுத்தார்கள். மங்களாவின் புருஷன் விஸ்வநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. சொதியை எல்லோரும் மறந்தே போனார்கள். நம்மவள் தப்பித்தாள் என்று நான் இலஞ்சிக் குமரனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் பெரியவர்களெல்லாம் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். "மங்களா அத்தை கிராஃப்ட் சொல்லிக்குடுப்பாங்க, சமத்தா இருங்க" என்று பிள்ளைகள் அத்தனை பேரையும் பின்னறையில் உட்காரவைத்துவிட்டுப் போனாள் ஸ்ரீமதி. மங்களாவை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்பார்களா! சமையலும் அவளேதான். அடுத்தடுத்து வந்த சொந்தமும், செல்போனில் வந்த படத்தைப் பார்த்தோம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டது. விஸ்வநாதன் அந்த அறைக்கு டியூப்லைட் போட்டார். பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார்.

சீசன் முடிந்து ஒருநாள் எட்டிப் பார்த்தேன். வீட்டில் வேறு ஆளில்லை. பின்னறையில் புதுச் சாயமும் தாளும் அடுக்கியிருந்தன. அவள் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் யாருமில்லையே, போய்க் குத்தேன்ட்டி" என்றேன்.

"போனேன்க்கா. உக்காந்தா, யாரு வரப்போறாவளோன்னு வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். அன்னைக்கு அத்தை என்னைய நல்லா ஏசி, அந்தத் தாளெல்லாம் கிழிச்சுப் போட்டிருக்கலாம். வேற எங்கனயாவது ஒளிஞ்சு குத்தியிருப்பேன்."