மிட்சுயேயின் கால்மேல் போட்ட பழி

கோபம் வந்தால் கரசாவா டோகுஜி கையிலிருக்கும் ஸ்பானரைத் துடைத்து, அதன் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கத்தத் தொடங்குவார். அன்று காலை துடைக்கவில்லை. தரையில் போட்டார்.

காரணம், மிட்சுயே நீட்டிய ஒரு காகிதம். கீழூரில் உள்ள பெரிய ஷோரூமில் கொடுத்தது. டர்போ கெட்டுவிட்டது, புதிதாக மாற்ற வேண்டும், முன்பு வேலை பார்த்த பட்டறையில் தவறு நடந்திருக்கலாம் என்று அச்சடித்திருந்தது.

முன்பு வேலை பார்த்த பட்டறை என்றால் டோகுஜியின் பட்டறை. ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டு, கெரசினில் நட்டு கழுவிக் கைத்தோல் உரிந்து, தகரக் கொட்டகையைத் தானே ஆணியடித்து எழுப்பிய மனிதர். வாடா கணவாய்க்கு இந்தப் பக்கம் மலையேறும் சின்ன வேன்களில் பாதி அவர் கைபட்டவை. ஷோரூம்காரன் கம்ப்யூட்டரைச் சொருகி அரை நாள் தேடுவதை, இவர் சைலன்சர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒருவர் தூக்கிவிட்டு வந்தவரல்ல. அப்படிப்பட்டவரைப் பார்த்து, தவறு நடந்திருக்கலாமாம்!

மிட்சுயே ஓயாகி என்ற கொழுக்கட்டை செய்து விற்பவள். விடியலில் காய்ப்பூரணம் வைத்து அவித்து, சூடு ஆறுமுன் கணவாய் உச்சியில் உள்ள தேநீர்க்கடைகளுக்கு வேனில் கொண்டுபோவாள். சித்திரை வாக்கில் அரசாங்கச் சோதனைக்காக வண்டியை டோகுஜியிடம் விட்டாள். வெடித்திருந்த காற்றுக் குழாயை மாற்றிச் சோதனையில் தேற்றிக் கொடுத்தார். அன்று முதல் வண்டி ஏறவில்லை. மிதித்தால் இஞ்சின் யோசிக்கிறது. மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் டர்போ விழித்து இழுக்கிறது. பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.

இரண்டு முறை வந்து சொன்னாள். இரண்டாவது முறை பெட்ரோல் பங்கில், நாலு பேர் நடுவில், டோகுஜி பதில் சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா. உன் கால்தான் பஞ்சு. மலையில மிதிக்கணும், தடவக் கூடாது."

பங்கே சிரித்தது. மூன்று மாதமாக அவளுக்கு அங்கே பஞ்சுக்கால் என்றே பெயர்.

இப்போது காகிதத்தைக் கையில் கசக்கி, "சாவிய வெச்சிட்டுப் போ. சாயங்காலம் அந்தக் கோட்டுக்காரனுங்க மூஞ்சியில இத அடிக்கிறேன்" என்றார். அவள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

டர்போ என்பது இஞ்சின் கக்கும் புகையால் சுற்றி, இஞ்சினுக்கே காற்றை ஊதித் தள்ளும் சக்கரம். முதலில் அதைத் திறந்து விரலால் சுண்டினார். பம்பரம் போலச் சுற்றியது, ஆட்டமே இல்லை. "டர்போ போச்சாம்" என்று தனியாகவே உறுமினார். காற்று கசிகிறதா என்று குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தம் ஏற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அதிக அழுத்தத்தை வெளியே விடும் கதவும் ஒழுங்காகவே திறந்து மூடியது. கடைசியில் டர்போவின் வாயில் ஒரு அழுத்தமானியும் இஞ்சின் வாயில் இன்னொன்றும் பொருத்தி முடுக்கினார். முதல் முள் துள்ளி எழுந்தது. இரண்டாவது, எழுப்பினாலும் எழாத மாப்பிள்ளை போல மெல்ல ஏறியது.

நடுவில் இருப்பது காற்றைக் குளிர்விக்கும் பெட்டி ஒன்றுதான். அதைக் கழற்றி உள்ளே கையை விட்டார். எண்ணெயில் ஊறிய ஒரு துண்டு வந்தது.

விரித்தார். 'கரசாவா மோட்டார்ஸ், புத்தாண்டு வாழ்த்துகள்' என்று நீல எழுத்து.

வருடா வருடம் ஊருக்கெல்லாம் இந்தத் துண்டைக் கொடுக்கிறார். மிட்சுயே வீட்டிலேயே நாலைந்து இருக்கும். அவளே எங்கேயாவது திணித்திருப்பாள் என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? சொல்லியே விடலாம் என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. ஆனால் துண்டின் ஒரு மூலையில் முடிச்சு. திறந்த குழாயில் நட்டு விழாமல் அடைக்கும்போது, பிடித்து இழுக்க வசதியாக அவர் போடும் முடிச்சு. இந்த மலையில் வேறெவனும் போடுவதில்லை. அன்று அரசாங்கச் சோதனைக்கு நேரம் தப்பிவிடும் என்று, அவசரத்தில் துண்டை எடுக்காமலே குழாயை மாட்டியது நினைவுக்கு வந்தது.

அவருக்கு வந்த கோபத்தில் பெட்டியை உதைத்தார். காலில் நன்றாகவே பட்டது.

துண்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டி, கணவாய் வரை ஓட்டிப் பார்த்தார். மிதித்த கணமே வண்டி முதுகில் கைவைத்துத் தள்ளியது. அது அவர் கோபத்தை இன்னும் கூட்டியது. நேரே மிட்சுயே வீட்டு வாசலில் நிறுத்தி, துண்டை அவள் முன் போட்டார்.

"காத்துப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. என் துண்டு. நான்தான் விட்டேன்" என்று சொல்லி இடுப்பு வரை குனிந்தார்.

மாவுக் கையோடு நின்றவள் முடிச்சையும் அவர் வழுக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க எதுக்குக் குனியிறீங்க, பெரியவரே? என் கால இங்க நின்னா திட்டினீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. வேனில் ஏறி உட்கார்ந்தார். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். அவளே ஓட்டினாள்.

பங்கில் அதே கும்பல் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. பஞ்சுக்கால் வருகிறாள் என்று ஒருவன் தொடங்கினான். டோகுஜி இறங்கி, முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, தவறு தன்னுடையது, அவள் காலில் ஒரு குறையும் இல்லை என்று கத்தினார். ஐம்பது வருடமாகத் திட்டியே பழகிய குரல் அது. அவர் அவளைத்தான் மறுபடி விளாசுகிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

மிட்சுயே கையைக் கட்டிக்கொண்டு வேனில் சாய்ந்து நின்றாள்.

"அவங்களுக்குப் புரியல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

டோகுஜி பல்லைக் கடித்தார். பிறகு குரலைத் தணித்து, ஒவ்வொரு வார்த்தையாக, முதலிலிருந்து சொன்னார்.