பின்சீட்டுக்கு ஓர் ஆள்

என் அக்கா டோரதி ஐம்பது வயதுக்கு மேல் ஒரு க்ரூஸர் பைக் வாங்கினாள். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் சந்தே வாயைப் பிளந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறவள், வருஷக்கணக்காக ஸ்கூட்டரில் போய்வந்தவள், திடீரென்று இத்தனை பெரிய வண்டியில் டுபுடுபுவென்று வந்து நின்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? 'இந்த வயசுல எதுக்கு?' என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். சிரில் மாமாவுக்காகத்தான்.

மாமா அவள் கணவர். எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவர். போன வருஷம் மழையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்ததில் இடது முழங்காலில் தகடு வைத்தார்கள். கால் பாதிதான் மடங்கும். சந்துக்குள் கார் வராது, ஆட்டோவில் முழங்கால் இடிக்கிறது, ஸ்கூட்டரில் காலை வைக்க முடியவில்லை என்று வீட்டோடு கிடந்தார். வேலையும் வீட்டில், பூசையும் டிவியில். பாட்டு நின்றே போயிற்று, குளிக்கும்போதுகூட ஒரு முணுமுணுப்பு கிடையாது. அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தாழ்ந்த சீட்டும் நீண்ட உடம்புமாக ஒரு வண்டி இருந்தால் மனுஷன் காலை நீட்டி உட்கார்ந்து கோயிலுக்கு வருவார் என்று கணக்குப் போட்டாள்.

மாமா புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சாய இடமே இல்லையே. பின்னால சரிஞ்சிருவேன்," என்றார்.

முதல் சர்வீஸுக்கு ஷோரூமில் விட்டபோது ஆயில் மாற்றி, செயினை இறுக்கி, கிளட்சையும் சரிசெய்து கொடுத்தார்கள். அங்கிருந்து நேராக, மெயின் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சுனிலிடம் போனாள். முதுகுச் சாய்வு வந்தது. மாமா அதையும் பார்த்தார். "கால் வைக்கிற கம்பி இவ்ளோ மேல இருக்கு. என் கால் எங்க அவ்ளோ மடங்குது?"

மறுபடியும் சுனில். இந்தமுறை நானும் கூடப் போயிருந்தேன். "சொல்ப கஷ்டம் மேடம். சாரைக் கூட்டிட்டு வாங்க, அளவு எடுக்கலாம்," என்று கன்னடம் கலந்து சொன்னான்.

"அவரு வர்றதா இருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்?" என்ற அக்கா, என் பக்கம் திரும்பினாள். நான் மாமாவின் உயரம். ரோட்டோரத்திலேயே ஒரு டவலைச் சுருட்டி என் முழங்கால் மடிப்பில் வைத்து, கால் முழுசாக மடங்காதபடி தன் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டி, பின்சீட்டில் ஏற்றினாள். போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "டேய் கிளிஃபர்ட், அவருக்கு வலிக்கிற மாதிரி உக்காருடா!" என்று அதட்டல் வேறு. சுனில் சாக்பீஸால் குறி போட்டு, அகலமான ஃபுட்போர்டு ஒன்றைக் கீழே இறக்கி, முன்னால் தள்ளிப் பொருத்தினான்.

மாமா அசருவாரா? "சாய்வு வெச்சுட்டீங்க. இப்ப காலை எப்படித் தூக்கிப் போடறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "மாமா, உங்களுக்கு வர மனசில்ல, அவ்ளோதான்!" என்றேன்.

"நீ சும்மா இருடா. நல்ல கேள்விதான் கேட்டிருக்காரு," என்றாள் அக்கா. வாசற்படியை ஒட்டி வண்டியை நிறுத்துவது, முன்சீட்டு வழியாக மாமா முதலில் ஏறிப் பின்னால் நகர்வது, பிறகு தான் ஏறுவது என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவிடம் குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு படியில் நின்றவர், "பயமா இருக்கு டோரதி," என்றார். அதுதான் உண்மையான காரணம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாளும் சீட்டையும் கம்பியையும் திட்டியிருக்கிறார். எனக்கு ரொம்பப் பாவமாகப் போய்விட்டது.

அக்கா ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டினாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துகிட்டே போலாம், ஏறுங்க."

ஏறினார். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். மேம்பாலத் தூண்கள் நெடுக "மெதுவா, மெதுவா" என்று அவர் குரல்தான் கேட்டது. அல்சூர் ஏரி தாண்டும்போது, அக்காவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்த மாமாவின் கை இறங்கி அவர் தொடைமேல் நிம்மதியாகக் கிடந்தது.

கோயில் வாசலில் பாடற்குழுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாமா வண்டியை விட்டு இறங்காமலே ஆரம்பித்துவிட்டார். "இந்தச் சாய்வு வேணும்னு நான்தான் சொன்னேன். இந்த ஃபுட்போர்டும் நான் சொன்னதுதான். ஏறுறதுக்குக்கூட ஒரு முறை இருக்கு, காட்டறேன் பாருங்க." பொய் என்று சொல்ல வழியில்லை. அவர் சொன்ன சாக்கெல்லாம் ஒவ்வொன்றாக அந்த வண்டியில் ஏறித்தான் இருந்தது. "ஆமா, எல்லாம் அவரு ஐடியாதான்," என்று அக்கா ஒப்புக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் குழுவை நடத்தும் பிரிஜெட்டிடம் மாமா போனார். "புதன்கிழமை ப்ராக்டீஸ் எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு," என்றாள் அவள். மாமா அக்காவிடம் திரும்பினார். "ட்ராஃபிக் இருக்கும். ஆறுக்கே கிளம்பணும்." அக்கா சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடினாள். "கேக்குதா? லேட் பண்ணாத," என்று அதட்டினார் மாமா.