ஒன்பது முறை கேட்டவன்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. நேரமெல்லாம் துல்லியமாகச் சொல்வேன். மணிக்கு மணி நேரம் குறிப்பதுதான் அப்போது எனக்குச் சோறு போட்ட வேலை.

மருந்துகள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நான் ஒருவன்தான். ஒவ்வொரு மணிக்கும் குளிர் அறைக்குள் போய், சுவரில் பொருத்தியிருக்கும் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தி, நேரத்தையும் வெப்பநிலையையும் வாயால் சொல்ல வேண்டும். "ரெண்டு மணி. நாலு டிகிரி." நான்கு விநாடி வேலை. நோட்டு கொடுத்தால் தூங்கி எழுந்து மொத்தமாக எழுதிவிடுவோமாம், அதனால் இந்த ஏற்பாடு. மற்ற நேரமெல்லாம் வெளியே மேசை, நாற்காலி, ஹெட்ஃபோன்.

கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டவன் நான். அக்கா வீட்டு மாடியறையில் இருந்தேன். மாமா என்னைத் திட்டுவதை நிறுத்தியே நாலு வருடமாகியிருந்தது. திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே. நான் ஆளாக இருந்த ஒரே இடம் இணையத்தில் ஒரு குழு. நானூறு பேர். வெளியே யாருக்கும் தெரியாத டெக்னோ இசைக்காரர்களைத் தோண்டி எடுப்பதுதான் அங்கே வேலை. எங்கோ ஒரு அறையில் கம்ப்யூட்டரும் பழைய டிரம் மெஷினுமாக உட்கார்ந்து, இசை செய்து, இணையத்தில் ஏற்றிவிட்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருப்பவர்கள். அவர்களுடைய இணையப் பக்கத்தில், எத்தனை முறை கேட்கப்பட்டது என்று ஒரு எண் இருக்கும். அந்த எண் குறையக் குறைய, கண்டுபிடித்தவனுக்கு மதிப்பு கூடும். ஐம்பதைத் தாண்டினால் சேர்க்கவே மாட்டார்கள். வருடக் கடைசியில் பட்டியல் போட்டு ஓட்டெடுப்பு. ஜெயித்தவனுக்கு இணைய வானொலியில் இரண்டு மணி நேரம். ஏழு வருடமாக அந்த இரண்டு மணி நேரத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் கிடைத்தான் ஒருவன். பெயர்கூடப் போடவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம். நான்கு டிராக். கேட்கப்பட்டது: 0.

கேட்டேன். முடிந்ததும் மறுபடி போட்டேன். நிமிடத்துக்கு 128 தாள அடி. அடிக்குக் கீழே ஒரு உறுமல். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று தட்டுவது போல. ஸ்பீக்கரில் போட்டபோது அக்கா மாடிக்கே ஏறி வந்துவிட்டாள்.

"டேய், ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு பாலையெல்லாம் வெளிய எடுத்து வெச்சுட்டேன்டா. இதுவா பாட்டு?"

எல்லாம் சேர்த்து ஒன்பது முறை கேட்டேன். அவன் பக்கத்தில் இருந்த எண் ஒன்பது ஆனது. அதோடு நிறுத்திக்கொண்டேன். பட்டியல் அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் திறக்கும். அதுவரை அந்த எண் ஏறக் கூடாது.

ஐந்தாம் தேதி அவன் தன் பக்கத்தில் எழுதினான்: 'யாரோ ஒன்பது முறை கேட்டிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.'

குழுவில் தகர டப்பா என்ற பெயரில் ஒரு நண்பன் உண்டு. விஷயத்தை மட்டும் சொல்லி, ஆளைச் சொல்லாமல், போனில் யோசனை கேட்டேன்.

"பதில் போட்டுராத மச்சி. ஒருத்தன் கேக்கறான்னு தெரிஞ்சா தலைகால் புரியாம எல்லாருக்கும் லிங்க் அனுப்புவான். நம்பர் ஏறிடும். அப்புறம் நீ துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓட வேண்டியதுதான்."

"பாவமா இருக்குடா."

"பாவம் பாத்தீன்னா ரேடியோல நீ பேச மாட்ட. நான்தான் பேசுவேன்."

பதில் போடவில்லை. ஒன்பதாம் தேதி மறுபடி எழுதினான்: 'இன்னும் இருக்கிறீர்களா?'

அதற்கும் போடவில்லை.

பதினான்காம் தேதி ஐந்தாவது டிராக் வந்தது. ஒன்று ஏறினால் ஏறட்டும் என்று கேட்டேன். ஏறவில்லை. ஒன்பதிலேயே நின்றது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். டிராக்கின் நடுவே கம்ப்ரசர் நிற்கும் சத்தம். எங்கள் கிடங்குக் கம்ப்ரசர் நிற்கும்போது இரண்டு தடவை இருமும். அதுவும் இரண்டு தடவை இருமியது. எல்லாக் கம்ப்ரசரும் இருமும்தானே...

இருபத்தொன்றாம் தேதி ஆறாவது. அதில் ஒரு நாற்காலிச் சக்கரம் கீச்சிட்டது. என் நாற்காலியிலும் ஒரு சக்கரம் கீச்சிடும். எல்லா நாற்காலியும் கீச்சிடும்தானே... எண், ஒன்பது.

இருபத்தேழாம் தேதி. அதிகாலை 3:10. ஏழாவது வந்தது. நீளம், ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

ஹெட்ஃபோனை மாட்டினேன்.

முதலில் கம்ப்ரசர். பிறகு சாவிக்கொத்து. கதவு. செருப்புச் சத்தம். பிறகு ஒரு குரல்.

"மூணு மணி. நாலு டிகிரி."

என் குரல். பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் சொன்னது. 'நாலு' என்னும்போது தொண்டை கமறியிருந்தது. அந்தக் கமறலும் அதில் இருந்தது.

அடி தொடங்கியது. டம். டம். டம். டம்.

டிராக்கில் சரியாக இரண்டு நிமிடம் பதினைந்து விநாடி ஆனபோது மற்ற எல்லாச் சத்தமும் அடங்கியது. அடி மட்டும்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

டம். டம். டம். டம்.

நிற்கவில்லை...

குளிர் அறையிலிருந்து வந்தது. கதவின் உள்பக்கத்திலிருந்து.

பூட்டியது நான். சாவி என் மடியில்.

டம். டம்.

நின்றது.

உள்ளேயிருந்து ஒரு குரல். "யாரு... கேக்கறது?"

ஓடினேன். கேட்டைத் தாண்டும்போது போனில் மணி 3:19.

அன்று பகல் பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, கேட் தெறந்து கெடந்துதாம்? எங்க போன?"

"மூணு இருவதுக்கே கெளம்பிட்டேன் சார்."

"வெளையாடறியா? நாலு மணி, அஞ்சு மணி, ஆறு மணி, மூணு தடவையும் பதிவாயிருக்கே."

"அதுல... என்ன சொல்லியிருக்கு சார்?"

"நேரம் விழுந்திருக்கான்னுதான் பாப்போம். யாரு உக்காந்து கேக்கறது?"

இனி வர வேண்டாம் என்றார். அந்த மூன்று பதிவையும் அனுப்பச் சொன்னேன். ஒழிந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

அன்று மாலை அந்த இசைக்காரன் பக்கத்தில் முதல் முறையாக எழுதினேன்: 'ஒன்பது முறை கேட்டது நான்தான். ஏழாவதை எப்படிச் செய்தீர்கள்?'

ஒன்றாம் தேதி பட்டியல் திறந்தது. நான் எதையும் சேர்க்கவில்லை. அந்த வருடம் தகர டப்பாதான் ஜெயித்தான்.

இரண்டாம் தேதி பதில் வந்தது. எழுதியது அவன் இல்லை. அவனுடைய அண்ணன்.

'தம்பி போன மாதம் பதினோராம் தேதி போய்விட்டான். அவன் பக்கத்தை இன்றுதான் திறந்தோம். இதில் இருப்பது நான்கே பாட்டு. ஏழாவது என்று எதைச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. அந்த ஒன்பதைப் பற்றிச் சாப்பிடும்போதெல்லாம் பேசுவான். கடைசி இரவு, அது ஆள் இல்லை, ஏதோ மெஷின்தான் கேட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். காலையில் எழுந்திருக்கவில்லை. நீங்கள் ஆள்தானா?'

அதற்கும் நான் பதில் போடவில்லை. இரண்டு நாளில் பக்கத்தை மூடிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் அனுப்பிய மூன்றும் என் போனில் இருக்கின்றன. நான்கு மணி, ஐந்து மணி, ஆறு மணி. நான் பேசினால் ஒவ்வொன்றும் நான்கு விநாடி இருக்கும். இவை ஒவ்வொன்றும் ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

இன்னும் திறக்கவில்லை. ஏழு வருடம் நான் தேடி அலைந்தது இதைத்தான். யாருமே, ஒரு முறைகூடக் கேட்காத டிராக்.