முன்னறைத் திறப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்தவர் பிரிட்டிஷ் கடற்படை அலுவலகத்தில் கிளாக்கர். ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளை லோங்ஸ் காற்சட்டை. யார் வீட்டுக்குப் போனாலும் குடையை மறந்துவிட்டு வருவார். அதை எடுக்க மறுபடி போவார். என் மனைவிக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

சுதந்திரம் வரப்போகிற நேரம். "வெள்ளைக்காரன் போறான் எண்டா, திருகோணமலையில அவன்ர கப்பலுகள் ஏன் நிக்கப்போகுது?" என்று அவரிடம் கேட்டேன்.

"அவன் இடம் கேக்கேல்லை. வேற ஆரும் வந்து பிடிச்சா என்ன செய்வியள் எண்டு மட்டும் கேட்டவன். எங்கட ஆக்களே நிக்கச் சொல்லிப்போட்டினம்," என்றார்.

மறுவாரம் அவர் அறையைக் காலி செய்தார். சாமான்களை வண்டியில் ஏற்றியபின் என் மனைவியிடம், "ஒழுங்கையில கள்ளர் திரியிறாங்களாம். முன்னறை வெறுமையாக் கிடக்கப்போகுது, கவனம் அக்கா," என்றார்.

அவள் யோசித்தாள். "உங்கட இரும்புப் பெட்டியை யன்னலால தெரியிற மாதிரி விட்டிட்டுப் போங்கோ. இன்னுமொரு ஆம்பிளை இருக்கிறார் எண்டு நினைக்கட்டும்."

பெட்டியை இறக்கிவைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு அவர் போனார்.

சுதந்திர தினத்தன்று கொடி கட்ட முன்னறை யன்னலைத் திறக்கப் போனோம். பூட்டின் திறப்பு அவரிடம் இருந்தது. வாசலில் அவருடைய குடை தொங்கிக்கொண்டிருந்தது.